சூடை மீன் வாங்கப் போறியா, தங்கச்சி?

முள் மீன் என்று சூடையை ஒதுக்காதே, தங்கச்சி. மத்தி, சாளை வகையறாதான் இது. ஒரு சாண் நீளம்கூட வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்குத் தடை. பெரிய மீன் விலை ஏறிக் கிடக்கும் அந்த நாளிலும் நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரத்தில் சூடை பிடித்து வருவார்கள்.

செதில் உதிர்ந்திருந்தால் பழைய மீன் என்று நினைக்காதே. இதற்கு வலையிலேயே செதில் கொட்டிவிடும். வயிற்றைத்தான் பார்க்கணும். அழுத்தினால் கெட்டியாக இருக்கணும், செவுள் சிவந்திருக்கணும். வயிறு உடைந்து குடல் தெரிந்தால், கூறு பத்து ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கியதும் ஐஸ் கேட்டுப் போட்டுக்கொள். இது ரொம்ப முக்கியம். வெயிலில் கிடந்த சூடையில் ஹிஸ்டமின் சேரும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். அப்படி வந்தால் உடனே டாக்டரிடம் போ.

கழுவுவதற்கு மண்சட்டிதான் சரி. கல் உப்பு போட்டு உரசினால் மிச்சச் செதிலும் வழவழப்பும் போய்விடும். அடிவயிற்று ஓரத்தைத் தடவிப் பார், ரம்பப் பல் மாதிரி குத்தும். கத்தரிக்கோலால் அந்த ஓரத்தை நீளவாக்கில் நறுக்கிவிட்டால் குடலும் சேர்ந்தே வந்துவிடும். பொரிக்கிற மீனுக்கு இரண்டு பக்கமும் நெருக்கமாகச் சாய்வாய்க் கீறிவிடு. பொடி முள் துண்டு துண்டாகி, எண்ணெயில் மொறுமொறுப்பாகும். முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். குழந்தைகளுக்கு மட்டும் நீயே முள் எடுத்துக் கொடு.

குழம்புக்கு, புளியும் மசாலாவும் பச்சை வாசம் போகக் கொதித்தபிறகு மீனைப் போடு. ஐந்தாறு நிமிஷம் போதும். கரண்டி விடாதே, சட்டியைப் பிடித்து லேசாகச் சுழற்று.

மாசமாக இருக்கிறவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்கிற சின்ன மீன் என்பதால், சுறாவைப்போலப் பாதரசம் சேர்ந்திருக்காது. ஒமேகா-3 கொழுப்பும் நிறைய. வீட்டில் யாருக்காவது யூரிக் அமிலத் தொல்லை இருந்தால் மட்டும், டாக்டரிடம் கேட்டபிறகு பரிமாறு.