காய்ச்சல் விட்ட பின்னும் நீங்காத அசதி

"காய்ச்சல் விட்டு ஒரு வாரமாகிறது, டாக்டர்; இன்னும் மாடிப்படி ஏறினால் கால் தள்ளாடுகிறது." மழைக்காலத்தில் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கேட்கும் முறையீடு இது. மருந்து சரியில்லையோ, வேறு நோய் ஏதும் ஒளிந்திருக்கிறதோ என்று உடன் வந்தவர்கள் அஞ்சுகின்றனர். இன்ஃபுளுயன்சா என்னும் ஃபுளூ காய்ச்சலில் உடல் வெப்பம் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தணிந்துவிடும். இருமலும் அசதியும் இரண்டு வாரத்திற்கு மேலும் நீடிக்கலாம். முதியோருக்கு இன்னும் நாளாகும்.

இந்த வைரஸ் மூச்சுக்குழாயின் உட்பரப்பிலுள்ள செல்களைச் சிதைக்கிறது. சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் அச்செல்களின் மேல்தான் உள்ளன. அவை மீண்டும் வளரும்வரை சளியை வெளியேற்றும் பொறுப்பை இருமல் ஏற்கிறது. உடல்வலியும் சோர்வும் பெரும்பாலும், வைரஸை எதிர்க்க நம் உடலே சுரக்கும் பொருள்களால் உண்டாகின்றன. ஆகவே அசதிக்கென ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதில் பயனில்லை. அது பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி வைரஸைக் கொல்லாது. குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்பதும் பலரது நம்பிக்கை. வாயால் உண்ணவும் பருகவும் இயல்பவருக்கு அது தேவையன்று.

தேவைப்படுவது உணவும் அளவான நடமாட்டமும். வெறுங்கஞ்சியோடு நிறுத்திவிடாமல், பசி திரும்பியதும் பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். படுத்தே கிடந்தால் தசை விரைவில் மெலியும். முதியோரிடம் இது மிகுதி. முதலில் வீட்டுக்குள் நடை, பிறகு வாசல்வரை, பிறகு தெருமுனைவரை. இன்று நடந்ததனால் நாளை அசதி கூடினால், தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தெம்பாக இருந்ததும் தேங்கிய வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு மறுநாள் மீண்டும் படுக்கையில் விழுபவர்கள் ஏராளம். இதில் இல்லத்தரசிகளைக் குறை சொல்வது நியாயமாகாது, வீட்டார்தான் வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தொற்றின்போது இரத்தச் சர்க்கரை ஏறக்கூடும். மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்தலாகாது. இதய, சிறுநீரக நோயாளிகள் தமக்கு விதிக்கப்பட்ட அளவுக்கு மேல் நீர் அருந்துமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சளிக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கும். தனியாகவும் அதை விழுங்கினால் அளவு மிஞ்சிக் கல்லீரல் பழுதாகலாம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

மெதுவாகவேனும் குறைந்துவரும் அசதிக்கு அஞ்ச வேண்டியதில்லை. குறைந்து பின் கூடுவதே கவலைக்குரியது. இரண்டொரு நாள் தேறியபின் காய்ச்சல் மீண்டும் ஏறி இருமலும் வலுத்தால், நுரையீரலில் நிமோனியா தொடங்கியிருக்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், உதடு நீலமாதல், சிறுநீர் மிகக் குறைதல், குழந்தை மூச்சு வாங்கும்போது விலாப்பகுதி உட்குழிதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அவசரச் சிகிச்சைக்கு வந்துவிடுங்கள்.

இன்னொன்று: நம் ஊர் மழைக்காலத்தில் ஃபுளூவும் டெங்குவும் சேர்ந்தே உலவுகின்றன. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்களே ஆபத்தானவை. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியன தோன்றினால் அதை ஃபுளூவின் அசதி என்று எண்ணி வீட்டில் காத்திருக்கலாகாது; அன்றே வர வேண்டும். வரும்போது, காய்ச்சல் தொடங்கிய நாள், விட்ட நாள், கொடுத்த மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.