தீம் பார்க்: சொல்லும் பொருளும்

எட்டாம் வகுப்பில் ‘தீம் பார்க்’ என்னும் சொல்லை விளக்கினேன். “திருவிழா ராட்டினத் திடலும் தீம் பார்க்தானே, சார்?” என்றான் ஒரு மாணவன். அவன் பார்த்தது அது ஒன்றுதான். சிலர் சிரித்தனர். நான் அக்கேள்வியையே பாடமாக்கினேன்.

திருவிழா முடிந்தால் ராட்டினம் ஊர் மாறும். ஓரிடத்தில் நிலைத்திருப்பது கேளிக்கைப் பூங்கா. அங்குள்ள கட்டடம், உடை, இசை, சவாரி எல்லாம் ஒரே கருப்பொருளைச் சுற்றி அமைந்தால் அது தீம் பார்க். 1955இல் கலிபோர்னியாவின் அனாஹைமில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தில் சாகசம், கற்பனை, எதிர்காலம் என ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கருப்பொருள் உண்டு. நாமோ நீர்ச்சறுக்கு இருந்தாலே அப்படி அழைத்துவிடுகிறோம்.

“நம் ஊரில் அமைத்தால்?” என்று கேட்டேன். “ஏரி, சார்” என்றான் அவன். மதகு, படகு, பறவை எனக் குழுவாக வரைந்தனர், சிரித்தவர்களும்தான். மாணவர் கண்டதிலிருந்து தொடங்கினால் வரையறை தானே விளங்கும்.