பலகை உலர்த்துதல்: செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

பச்சை மரத்தில் செய்த கதவு சில மாதங்களில் சுருங்கிக் கோணிவிடும். பழி தச்சர்மேல் விழும். உலர்த்த வேண்டும் என்பது தச்சருக்குத் தெரியாததல்ல. பலகை உலரும்வரை பணத்தை முடக்கி வைக்க வழியில்லை என்பதே பெரும்பாலும் காரணம். எனவே இதை ஒரு கணக்காகப் பார்ப்போம்.

முற்றாக உலர்ந்தால் 100 கிராம் நிற்கும் மரத்துண்டில் 30 கிராம் நீர் இருந்தால் அதன் ஈரப்பதன் 30 வீதம். ஏறத்தாழ இதற்குக் கீழே இறங்கும்போதே மரம் சுருங்கத் தொடங்கும். வீட்டுத் தளபாடத்திற்கு 12 முதல் 15 வீதம் ஏற்றது. அதை அடைய மூன்று வழிகள் உண்டு.

1. காற்று: தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கூரையின் கீழ், ஒரே தடிப்பான சிலாகைகளை இடையிட்டுப் பலகைகளை அடுக்க வேண்டும். நேர்வெயில் பட்டால் வெடிக்கும். மே முதல் செப்ரெம்பர் வரை, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரும் தென்மேற்குக் காற்று தம்புள்ளையில் வறண்டு வீசும். அந்தக் காற்று இலவசம். மாரியில் வேலை மந்தமாகும்.

2. சூரியக் கொட்டகை: பொலித்தீன் கூரை, உள்ளே கறுப்புத் தகடு, மின்விசிறி, ஈரக்காற்று வெளியேறத் துவாரங்கள்.

3. சூளை: ஓரங்குலப் பலகை ஓரிரு வாரங்களில் உலரும். ஆனால் எரிபொருள், மின்சாரம், பயிற்சி பெற்றவர் தேவை. ஓயாது மரம் வரும் பெரிய ஆலைக்கே கட்டுப்படியாகும்.

இனி ஓர் உதாரணம். பலகையின் விலை 100,000 ரூபா, மாத வட்டி 2 வீதம் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் நான்கு மாதம் சென்றால் வட்டி 8,000 ரூபா. கொட்டகையில் ஒரு மாதமானால் 2,000 ரூபா. மிச்சம் 6,000 ரூபா. கொட்டகைக்கு ஆண்டுச் செலவு 30,000 ரூபா என்றால், ஆண்டுக்கு ஐந்து தடவை நிரப்பினால்தான் செலவும் மிச்சமும் சரியாகும். ஆறாவது தடவையிலிருந்தே இலாபம். இரண்டு தடவை மட்டும் நிரப்பும் தனித் தச்சருக்கு இது நட்டம். அவ்வாறான நால்வர் சேர்ந்தால் எட்டுத் தடவை; 18,000 ரூபா மிஞ்சும்.

ஆகவே தனியாகத் தொழில் செய்பவர் கோடைக் காற்றை நம்பி, ஏப்ரல் முடிவிலேயே பலகையை அடுக்கட்டும். கொட்டகை வேண்டுமானால் முதலில் கூட்டுச் சேரட்டும். வட்டி குறைந்த சங்கக் கடன் கிடைத்தால் காற்றில் உலர்த்துவதும் மலிவாகும்.

கலந்துரையாட:
- உங்கள் ஊரில் தச்சர்கள் எத்தனை பேர்? ஆண்டுக்கு எவ்வளவு பலகை வாங்குகிறார்கள்?
- அவர்கள் கொடுக்கும் வட்டி எவ்வளவு? அந்த வட்டியை வைத்து மேலுள்ள கணக்கை மீண்டும் செய்து பாருங்கள்.