இறக்கிய காருக்கு என்ன வாங்குவது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்விஃப்டின் முன்பக்கத்தை 40 மி.மீ. இறக்கியாகிவிட்டது, இனி கேம்பர் போல்ட் போதுமா, கேம்பர் பிளேட் போடுவதா, அட்ஜஸ்டபிள் லோயர் ஆர்ம் வரைக்கும் போவதா என்று கேட்டிருக்கிறாய். மூன்றுக்கும் விலை எழுதியிருக்கிறாய். வண்டியின் அளவு ஒன்றுகூட எழுதவில்லை. இப்போது கேம்பர் எத்தனை டிகிரி, டோ எவ்வளவு, லோயர் ஆர்ம் எந்தச் சாய்வில் நிற்கிறது என்று தெரியாமல் எந்தப் பாகத்தையும் வாங்கு என்று நான் சொல்ல மாட்டேன். வாரம் தவறாமல் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிச் செம்மேடு போய்வருகிற வண்டி அது.

முதலில் உன் வண்டியின் முன்பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பெர்சன் என்ற பொறியாளர் வகுத்த அமைப்பு இது. 1983-இல் வந்த மாருதி 800-லும் இதுதான். சக்கரத்தைக் கீழே ஒரு லோயர் ஆர்ம் பிடிக்கிறது. மேலே தனியாக ஆர்ம் கிடையாது, ஷாக் அப்சார்பரே அந்த வேலையையும் செய்கிறது. செலவு குறைவு, இடமும் மிச்சம். ஆனால் உன் வண்டியைப் போன்ற சிறிய கார்களில் கேம்பரும் கேஸ்டரும் தொழிற்சாலையிலேயே நிலைத்துவிடும்; அலைன்மென்ட் கடையில் திருப்ப முடிவது டோ ஒன்றைத்தான், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை. நீ “அலைன்மென்ட் பார்த்தாச்சு” என்று எழுதியிருப்பதற்கு, டோ பார்த்தாச்சு என்றுதான் பொருள்.

இப்போது லோயர் ஆர்மைக் கவனி. அசல் உயரத்தில் அதன் வெளிமுனை, அதாவது பால் ஜாயின்ட் இருக்கும் பக்கம், உள்முனையைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்புறச் சக்கரம் மேலே அமுங்கும். ஆர்ம் கிடைமட்டத்தை நோக்கி எழும்ப, அதன் வெளிமுனை சக்கரத்தின் அடிப்பாகத்தை வெளியே தள்ளும். அதனால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். அதுதான் நெகட்டிவ் கேம்பர். வண்டி சாய்ந்தாலும் டயர் ரோட்டில் நன்றாகப் படிந்திருக்க உதவுவது இதுதான்.

அளவுக்கு மீறி இறக்கிவிட்டால் நின்ற நிலையிலேயே ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கி நிற்கும். அதன்பின் சக்கரம் அமுங்க அமுங்க வெளிமுனை உள்ளே வரும், சக்கரத்தின் அடி உள்ளே இழுபடும், கேம்பர் பாசிட்டிவ் பக்கம் ஓடும். நிறுத்தி வைத்து அளந்தால் நெகட்டிவ் காட்டும் அதே வண்டி, பிடிப்பு தேவைப்படும் வளைவில் அதை இழந்துவிடுகிறது. கூடவே, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறதோ அந்த ரோல் சென்டரும் வண்டி இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தும் வண்டி ஏன் ஆடுகிறது என்று இளைஞர்கள் கேட்பதற்கு இதுதான் காரணம். இதைக் கேம்பர் போல்ட்டோ பிளேட்டோ சரிசெய்யாது. அவை சக்கரத்தின் சாய்வை மாற்றும், ஆர்மின் சாய்வைத் தொடாது.

அதனால் டேப்பை எடுத்துக்கொள். சமமான தரையில் வண்டியை நிறுத்து. காற்று சரியாக இருக்கட்டும், டேங்க் நிறைந்திருக்கட்டும், டிரைவர் சீட்டில் உன் எடைக்கு ஒருவர் உட்காரட்டும். ஆர்மின் உள்முனை போல்ட் நடுவிலிருந்து தரைக்கு எவ்வளவு, பால் ஜாயின்ட் நடுவிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று இரண்டு பக்கமும் அளந்து எழுது. பால் ஜாயின்ட் இன்னும் தாழ்ந்தே இருந்தால் நிம்மதி. சமமாக இருந்தால் எல்லையில் நிற்கிறாய். மேலே போயிருந்தால், வேறெதையும் வாங்கும் முன் வண்டியை 15 மி.மீ. ஏற்றிவிடு. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன், சாமி.

பால் ஜாயின்ட் சமத்தில் நின்றும் இந்த உயரம்தான் வேண்டும் என்றால், அதற்கென்று நீண்ட தண்டுள்ள பால் ஜாயின்ட் கிடைக்கிறது. அது ஆர்மின் வெளிமுனையைப் பழைய இடத்துக்கு இறக்கிக் கொடுக்கும். அதை மட்டும் தனியாகப் போடாதே. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராடும் லோயர் ஆர்மும் ஏறக்குறைய ஒரே சாய்வில் ஏறி இறங்கினால்தான் சக்கரம் நேராக இருக்கும். ஆர்மை மட்டும் திருத்தி டை ராட் எண்டை விட்டுவிட்டால், ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் நீ ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். வாங்கினால் இரண்டையும் ஒரே வண்டிக்குச் செய்த ஜோடியாக வாங்கு. நீண்ட தண்டில் வளைவிசையும் கூடும் என்பதால் செய்தவர் பெயர் போடாத சரக்கைத் தொடாதே. ரிம்மின் உள்பக்கம் அது இடிக்காமல் சுற்றுகிறதா என்று ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்.

நீ கேட்ட மூன்றுக்கு வருகிறேன்.

கேம்பர் போல்ட் என்பது ஸ்ட்ரட்டையும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாகப் போடுவது. நடுத்தண்டு மெலிந்து, ஒருபக்கம் புடைத்திருக்கும்; திருப்பினால் நக்கிள் சாயும். ஒன்று முதல் ஒன்றேமுக்கால் டிகிரி வரை மாற்றலாம். நக்கிளை அந்த இடத்தில் பிடித்து வைப்பது போல்ட்டின் தண்டு அல்ல, இறுக்கத்தால் வரும் உராய்வு. ஆகவே அதனுடன் வரும் தாளில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். கைப்பழக்கத்தில் இறுக்கக் கூடாது. இரண்டு முகங்களிலும் துருவும் பெயின்ட்டும் இருந்தால் சுரண்டிவிடு. நட் ஒவ்வொரு முறையும் புதிது.

கேம்பர் பிளேட் ஸ்ட்ரட்டின் தலையில் உட்காருகிறது. கேம்பரோடு சிலவற்றில் கேஸ்டரையும் நகர்த்தலாம், அதுதான் அதன் பெருமை. பெரும்பாலானவற்றில் ரப்பருக்குப் பதில் இரும்புக் குண்டு மூட்டு இருக்கும். நீ போகும் மலையில் சோளக்காட்டுப் பக்கம் மழையில் சேறும் பனியும் படிந்த ரோட்டில் அது சீக்கிரம் தேய்ந்து டக் டக் என்று அடிக்கும். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடமான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுபவர்களுக்கு அது தேவை. அங்கே தளம் வழுவழுப்பு, டயரின் ஆயுளைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. உனக்கு அது வேண்டாம். கட்டாயம் வேண்டும் என்றால் ரப்பர் வைத்த பிளேட்டாகப் பார்.

நீளம் மாற்றும் லோயர் ஆர்மில் பெரும்பாலும் மரை போட்ட ராட் எண்ட் இருக்கும். இழுவிசையும் அழுத்தமும் அது தாங்கும், வளைவிசை தாங்காது. பிரேக் பிடிக்கும்போது முன் ஆர்மில் வளைவிசைதான் வருகிறது. மலை இறக்கத்தில் அந்த மரை முறிந்தால் சக்கரம் மடிந்துவிடும். தொழிற்சாலை ஆர்மைக் கழற்றாதே. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை.

உனக்கு இதில் எதுவுமே தேவைப்படாமலும் போகலாம். 40 மி.மீ. இறக்கத்தில் கேம்பர் பெரும்பாலும் அரை முதல் ஒரு டிகிரிதான் நெகட்டிவ் பக்கம் நகரும். கொண்டை ஊசி வளைவுகளுக்கு அது நல்லதே. முழு ஸ்டியரிங்கில் ஏறும்போது முன் டயர்களின் வெளித்தோள்தான் தேயும். மலைக்கார வண்டிகளின் டயரைப் பார்த்தால் தெரியும். ஒரு டிகிரி நெகட்டிவ் அந்தத் தேய்மானத்தைக் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளும். அந்த வேகத்தில் மூன்று டிகிரிக்கு வேலையே இல்லை. சக்கரம் நிறையத் திரும்பிய நிலையில் உதவுவது கேஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு: வெளிச்சக்கரத்தின் தலையை அதுவே வளைவின் உள்ளே சாய்த்துக் கொடுக்கும். அளவெடுக்கும்போது கேஸ்டரையும் கேட்டு வாங்கு. அதற்குச் சக்கரத்தை இரு பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிடுவார்கள்.

வலது இடது கேம்பர் வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல் போனாலோ, ஒன்றரை டிகிரிக்கு மேல் நெகட்டிவ் காட்டினாலோ கேம்பர் போல்ட் வாங்கலாம். வித்தியாசம் அதிகமாக இருந்தால் போல்ட்டால் மறைக்கும் முன், ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான். ஒரு சக்கரம் அரை டிகிரி தப்பாக நின்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது ஏறக்குறைய 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிற கணக்கு. வண்டியை இறக்கினால் டை ராடின் சாய்வு மாறி டோ தானாகவே மாறிவிடும். உள்ளங்கையை டயரின் மேல் உள்ளிருந்து வெளியே தடவு, பிறகு வெளியிலிருந்து உள்ளே தடவு. ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பம்போல் பிடித்தால் டோ தப்பு. ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் கேம்பர்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய். இரண்டு தரை டைல்ஸுக்கு நடுவே கிரீஸ் தடவி, அப்படி ஒரு ஜோடியை ஒவ்வொரு முன் சக்கரத்தின் கீழும் வை; சக்கரம் தடையில்லாமல் நகரும். வண்டியின் இருபுறமும் அதன் நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து எழுது. பிறகு முன்பக்கம் மணல் மூட்டை வைத்து 25 மி.மீ. அமுக்கி மறுபடி அள. அளவு நகரவே இல்லையென்றால் டை ராட் சரி. இரண்டு மூன்று மி.மீ. நகர்ந்தால் நான் மேலே சொன்ன டை ராட் எண்ட் வேலை இருக்கிறது. 600 மி.மீ. இடைவெளியில் 1 மி.மீ. வித்தியாசம் என்பது டிகிரியில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்.

இனி, பலரும் செய்யாமல் விடும் ஒரு வேலை. லோயர் ஆர்மின் உள்முனையில் ரப்பர் புஷ் இருக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது ஆர்ம் எந்தச் சாய்வில் இருக்கிறதோ, அந்தச் சாய்வில்தான் ரப்பர் ஓய்வில் இருக்கும். பழைய உயரத்தில் இறுக்கிய ரப்பர் இப்போது நின்ற நிலையிலேயே முறுக்கிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் கிழியும். கிழிந்தால் பிரேக்கில் சக்கரம் பின்னுக்குப் போகும், கேஸ்டரும் டோவும் கூடவே அலையும். வண்டியைப் பிட்டின் மேல் நான்கு சக்கரத்திலும் நிறுத்தி, அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு, எடை தரையில் இருக்கும்போதே இறுக்க வேண்டும். ஜாக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் பயனில்லை. இதற்கு ஒரு பாகமும் வாங்க வேண்டாம்.

மலைப்பாதையைப் பற்றி ஒன்று. 163 மி.மீ. தரை இடைவெளியில் 40 போனால் 123. இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி போட்ட வேகத்தடையே 100 மி.மீ. உயரம், விதி பார்க்காமல் போட்டவை நம் ஊரில் ஏராளம். நான்கு பேர் ஏறினால் மிச்சம் எவ்வளவு என்று நீயே பார். ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு மலை நிறையும்போது, பஸ்ஸுக்கு ஒதுங்கித் தாரின் விளிம்பிலிருந்து மண்ணில் சக்கரம் இறங்க வேண்டி வரும். இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி வரும்போது முன்பக்கம் அமுங்கி, ஓட்டத்தின் கோடியில் இருக்கும் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்தால் ஸ்பிரிங் வேலை முடிந்துவிடும். டயர் தத்தும், வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஷாக் ராடில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி ஒரு தடவை மலை இறங்கிப் பார், அது எதுவரை நகர்ந்திருக்கிறது என்று தெரியும். பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருந்தால் வண்டியை ஏற்றத்தான் வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலை வாங்கி வை. கழற்றிய அசல் ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே.

கேம்பர் போல்ட் போடும்படி ஆனால், முதல் மலைப் பயணம் முடிந்து வந்ததும் டார்க் ரென்ச்சை மறுபடி வைத்துப் பார். நம் நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குப் பட்டை மாற்றினால், முதல் லோடு அடித்து வந்ததும் யூ போல்ட்டை மறுபடி இறுக்குவார்கள், அதே காரணம்தான். போல்ட் தலையிலும் ஸ்ட்ரட்டிலும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடு. கோடு உடைந்திருந்தால் நகர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால், அலைன்மென்டில் கேஸ்டர், கேம்பர் எல்லாம் முடித்துக் கடைசியில்தான் டோ.

புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி இறுக்கும் வேலையை இந்த வாரமே முடி. அதன்பின் எடுத்த அலைன்மென்ட் பிரின்ட்டையும், பால் ஜாயின்ட் உயரம், உள்முனை உயரம் இரண்டையும், நூல் சோதனையின் அளவுகளையும் அனுப்பு. போல்ட் வாங்குவதா, வண்டியை ஏற்றுவதா என்று அதைப் பார்த்து எழுதுகிறேன். அதுவரை கடைக்காரரிடம் முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா