அளந்து ஏறுவோம்: மாணவர் மிதிவண்டியும் மூன்று பாடவேளைகளும்

தமிழ்நாட்டில் 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியர் அனைவருக்குமாக விரிந்தது. ஆனால் நம் பிள்ளைகள் 11ஆம் வகுப்பு வரை காத்திருப்பதில்லை. ஆறாம் வகுப்பிலேயே அப்பாவின் சைக்கிளையோ அண்ணனின் சைக்கிளையோ எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்துவிடுகிறார்கள். இருக்கையில் உட்கார்ந்தால் கால் எட்டாது. குரங்கு பெடல் போட்டாவது ஓட்டிவிடுவார்கள்.

நான் எண்ணூர்ப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் முகத்துவாரக்குப்பத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்தும் எங்கள் பிள்ளைகள் வருகிறார்கள். இங்கே சைக்கிளுக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று, இரும்பைத் தின்னும் உப்புக்காற்று. மற்றொன்று, துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் டிரெய்லர்கள். முன்னது சைக்கிளைக் கெடுக்கும். பின்னது உயிரையே எடுத்துவிடும். அதனால் சைக்கிளைத் தேர்வு செய்வதையும் பராமரிப்பதையும் ஓட்டுவதையும் 8ஆம் வகுப்பில் மூன்று பாடவேளைகளாக நடத்திவருகிறேன். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஓர் அளவு நாடா, சில இரும்பு ஆணிகள், ஒரு வாளித் தண்ணீர், பிள்ளைகளின் சைக்கிள்களே போதும்.

முதல் பாடவேளை: உடலுக்கு ஏற்ற அளவு

சைக்கிள் வாங்கும்போது பிள்ளைகள் முதலில் பார்ப்பது நிறம். பெற்றோர் பார்ப்பது விலை. இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது உயரம். இருக்கைக்கு முன்னால் இரு கால்களையும் தரையில் ஊன்றி நின்றால், சட்டத்தின் மேல்கம்பிக்கும் உடலுக்கும் இடையே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தச் சைக்கிள் அவருக்குப் பெரிது. "வளர்கிற பிள்ளைதானே" என்று பெரிதாக வாங்கினால், வளரும் வரை தினமும் ஆபத்தோடுதான் ஓட்ட வேண்டும்.

இருக்கை உயரத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இருக்கையில் அமர்ந்து, மிகத் தாழ்ந்த நிலையில் உள்ள பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுவே சரியான நிலை. இதையே கணக்காகவும் செய்யலாம். செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கவைத்து, தரையிலிருந்து கவட்டை வரை கால் உயரத்தை அளந்து 0.88ஆல் பெருக்க வேண்டும். கால் உயரம் 72 செ.மீ. என்றால், பெடல் கம்பிகள் சுழலும் நடு அச்சின் (கிராங்க் அச்சின்) மையத்திலிருந்து இருக்கையின் மேற்பகுதி வரை சுமார் 63 செ.மீ. தசமப் பெருக்கலில் தடுமாறும் பிள்ளைகளும் தம் சைக்கிளுக்கான கணக்கு என்றால் இரண்டு முறை சரிபார்க்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். புதிதாகக் கற்பவருக்கு இந்த உயரம் கூடாது. பாதம் தரையில் படும் அளவுக்கு இருக்கையை இறக்கிவைக்க வேண்டும். இருக்கைத் தண்டில் ஓர் எல்லைக்கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அது வெளியே தெரியும் வரை உயர்த்தக் கூடாது.

அடுத்து வருவது எல்லா வகுப்பிலும் எழும் கேள்வி. "மிஸ், கியர் இல்லாம எப்படி மிஸ் வேகமாப் போகும்?" பதிலை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்கிறேன். முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின் பல்சக்கரத்தில் 18 பற்கள் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின் சக்கரம் 44 ÷ 18, அதாவது சுமார் 2.44 சுற்று சுற்றும். சக்கரத்தின் விட்டம் 66 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். ஆக, ஒரு மிதிக்கு 5 மீட்டருக்குச் சற்று அதிகம். நிமிடத்துக்கு 60 முறை நிதானமாக மிதித்தாலே மணிக்கு 18 கி.மீ. வேகம் வந்துவிடும். 3 கி.மீ. தூரப் பள்ளிக்கு 10 நிமிடம். மேம்பாலங்களைத் தவிர ஏற்றமே இல்லாத வடசென்னைக்குக் கியர் அவசியமில்லை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை, கணக்கு சொல்லிவிடுகிறது. நீண்ட தூரம் உல்லாசமாக ஓட்ட விரும்பும் பெரியவர்களுக்கும், மலைப்பாங்கான ஊர்களில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் கியர் உதவும். எங்கள் ஊரில் திறந்து கிடக்கும் கியர் செயினில் மணலும் உப்பும்தான் சேரும். முழு செயின் கவர், முன்னும் பின்னும் மட்கார்டு உள்ள சாதாரண சைக்கிளே இங்கு நீடித்து உழைக்கும்.

தேவைதான் தேர்வைத் தீர்மானிக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலையும் பெண்களிடம் கொண்டுசென்றது. பெண்களுக்கான சைக்கிள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் ஆண்கள் சைக்கிளை ஓட்டினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காகச் சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். யாருக்கு, எதற்கு, எந்தச் சாலையில் என்ற மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகே எது நல்ல சைக்கிள் என்று சொல்ல முடியும்.

இரண்டாம் பாடவேளை: உப்பும் துருவும்

மூன்று சோதனைக் குழாய்களில் ஒவ்வோர் ஆணி. முதலாவதில் குடிநீர், இரண்டாவதில் உப்புநீர், மூன்றாவதிலும் உப்புநீர்; ஆனால் அதில் இடும் ஆணியில் மட்டும் கிரீஸ் தடவியிருக்க வேண்டும். சில நாள்களில் உப்புநீரில் கிடக்கும் ஆணி அதிகமாகத் துருப்பிடிக்கும். கிரீஸ் பூசிய ஆணி பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். துருப்பிடிக்க ஆக்ஸிஜனும் நீரும் வேண்டும் என்பது பாடம். நீரில் கரைந்த உப்பு மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் அந்த வினை விரைவாகிறது என்பது எங்கள் ஊர் சேர்க்கும் பாடம்.

இதை அப்படியே சைக்கிளுக்குக் கொண்டுபோகலாம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சட்டம், ரிம், ஸ்போக்ஸ் ஆகியவற்றைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரம் போக்க வேண்டும். செயினில் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். வழியும் எண்ணெய் மணலை ஒட்டவைத்துப் பற்களைத் தேய்க்கும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுக்கும். தையல் இயந்திர எண்ணெய் நல்லது. ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படவே கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், கடையில் கொடுத்து ஓவராயில் செய்தால் பால்ஸும் கிரீஸும் புதுப்பிக்கப்படும். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் கடலோரத்தில் புதிய சைக்கிள்கூடச் சீக்கிரமே வீட்டு மூலையில் சாய்ந்துவிடும். அதோடு, அதை ஓட்டிவந்த பிள்ளையின் வருகையும் குறையத் தொடங்கும்.

மூன்றாம் பாடவேளை: சாலையும் மைதானமும்

இந்த வகுப்பை மைதானத்தில் நடத்துகிறேன். ஒரு சைக்கிளின் இரண்டு டயர்களையும் நனைத்து, காய்ந்த சிமெண்டுத் தரையில் ஒரு குறுகிய வளைவில் மெதுவாகத் தள்ளிச் செல்ல வேண்டும். தரையில் இரண்டு ஈரக்கோடுகள் விழும். முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போகவில்லை. வளைவின் உட்பக்கமாகச் சுருக்கிக்கொண்டு போயிருக்கும். பிள்ளைகள் அந்த இடைவெளியை அளந்து எழுதுகிறார்கள். இரண்டு மீட்டர் நீளம்கூட இல்லாத சைக்கிளிலேயே இந்த இடைவெளி தெரிகிறது. 40 அடி கன்டெய்னரின் நீளம் மட்டுமே சுமார் 12 மீட்டர். அதைச் சுமக்கும் டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது, முன்பகுதி நம்மைக் கடந்து தள்ளிப் போனதாகத் தெரியும்; பின் சக்கரங்களோ நாம் நிற்கும் இடத்துக்கே வரும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை, சந்திப்பில் டிரெய்லருக்கு இடப்பக்கச் சந்தில் நுழைய மாட்டார். பின்னாலேயே நிற்பார். ஓட்டுநரின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால், நாமும் அவருக்குத் தெரியமாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது பிரேக். மணிக்கு 15 கி.மீ. என்பது நொடிக்கு 4 மீட்டருக்கு மேல். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆனால், சைக்கிள் அதற்குள் நான்கு மீட்டர் ஓடியிருக்கும். மழையில் ரிம் நனைந்தால் நிற்க இன்னும் அதிக தூரம் வேண்டும். அதனால் முன்கூட்டியே மெல்ல அழுத்தி ரிம்மின் ஈரத்தைத் துடைக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் சடாரென்று பிடித்தால் தலைகுப்புற விழ நேரும். இரண்டையும் சேர்த்து, சீராகப் பிடிக்க வேண்டும். மணல் படிந்த வளைவில் பிரேக் பிடிக்காமல், அதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சைக்கிளில் கட்டாயம் இருக்க வேண்டியவை: பெல், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பின் மட்கார்டிலும் பெடல்களிலும் பிரதிபலிப்பான்கள், பூட்டு, புத்தகப் பைக்குக் கேரியர் அல்லது கூடை. பையை முதுகில் சுமந்தால் ஈர்ப்பு மையம் உயர்ந்து தடுமாற்றம் கூடும். பின் சக்கரத்துக்கு வலைத்தடுப்பு மிக அவசியம். துப்பட்டா சுற்றிக்கொள்வதையும், கேரியரில் உட்காரும் தம்பி தங்கையின் கால் ஸ்போக்ஸில் மாட்டுவதையும் அது தடுக்கும். தலைக்கவசம் நெற்றியை மறைத்து, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நிற்க வேண்டும். பணம் குறைவாக இருந்தால் எதை முதலில் வாங்குவது என்று பெற்றோர் கேட்பதுண்டு. முதலில் பிரேக் கட்டை, பிறகு பின் விளக்கு, அதற்குப் பிறகே மற்றவை என்று சொல்கிறேன்.

எல்லாப் பள்ளிகளிலும் செய்யக்கூடியது

மூன்று பாடவேளைகள் முடிந்ததும் வகுப்பில் ஒரு குழுவை அமைத்துவிடுங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் அவர்கள் மூன்றை மட்டும் பார்த்தால் போதும்: டயரில் காற்று, பிரேக்கில் பிடி, செயினில் எண்ணெய். குறை இருந்தால் பிள்ளையின் பெயரைக் கரும்பலகையில் எழுதாமல், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். பள்ளியில் ஒரு காற்றடிக்கும் பம்பும், இரண்டு ஸ்பேனர்களும், ஓர் எண்ணெய்க் குப்பியும் வைத்திருந்தால் பாதிக் குறைகள் அங்கேயே தீர்ந்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அருகிலுள்ள சைக்கிள் கடைக்காரரை அழைத்து அரை மணி நேரம் பேசவையுங்கள். செயல் விளக்கத்தில் அவரே நமக்கும் ஆசிரியர்.

11ஆம் வகுப்பில் மிதிவண்டி வழங்கும் நாளில், ஒளிப்படம் எடுத்து முடித்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாணவியும் ஒவ்வொரு மாணவனும் தம் கால் அளவுக்கு இருக்கையைச் சரிசெய்து, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்த பிறகே பள்ளி வாயிலைத் தாண்டட்டும்.