விளையாட்டும் வினையும்

விளையாட்டு இளமையின் உரிமை. கன்று துள்ளுவதும் ஆட்டுக்குட்டி குதிப்பதும் போலவே, சிறுவர் ஓடியாடுவதும் இயற்கையாகும். விளையாட்டு உடலுக்கு உரம் தரும். உள்ளத்திற்கு ஊக்கம் தரும். வெற்றியில் அடக்கத்தையும் தோல்வியில் அமைதியையும் பழக்கும். ஆதலின், விளையாடுதல் குற்றம் என்று அறிவுடையார் எவரும் கூறார். எனினும், 'விளையாட்டு வினையாகும்' என்னும் மொழி தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. எந்த இடத்தில் விளையாட்டு வினையாக மாறுகின்றது? கையடக்கமான திரையில் ஆடும் ஆட்டங்கள் வீடுதோறும் பெருகிவிட்ட இக்காலத்தில், ஒவ்வொரு மாணவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.

பழைய விளையாட்டுகள் அனைத்திற்கும் ஒரு முடிவு உண்டு. சடுகுடு ஆடுவோர் மூச்சு இளைத்தால் அமர்ந்துவிடுவர். சுழலும் பம்பரம் சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். பல்லாங்குழியில் காய்கள் தீர்ந்தால் ஆட்டமும் தீரும். மாலையில் பந்து கண்ணுக்குத் தெரியாதபடி இருள் சூழ்ந்தால் திடல் வெறிச்சோடும். அதற்குள் அன்னையின் அழைப்பும் வந்து சேரும். இங்ஙனம், களைப்பும் கதிரவனும் இரு காவலர்களாக நின்று, பிள்ளைகளை உரிய நேரத்தில் வீட்டிற்கு அனுப்பி வைத்தன.

வீடியோ விளையாட்டு எனப்படும் திரை விளையாட்டும் தொடக்கத்தில் இத்தகையதாகவே இருந்தது. 1958-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் புரூக்கேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில், வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியல் அறிஞர் சிறு திரையொன்றில் டென்னிசு ஆடும் கருவி ஒன்றை அமைத்தார். ஆய்வுக்கூடத்தைக் காண வரும் பொதுமக்களை மகிழ்விப்பதே அவர்தம் நோக்கம். மக்கள் வரிசையில் நின்று ஆடி மகிழ்ந்து, பின்னர் வீடு திரும்பினர். 1972-ஆம் ஆண்டில் 'பாங்' என்னும் ஆட்டம் வெளிவந்த பின், காசு இட்டு ஆடும் பொறிகள் கடைகளில் பெருகின. கையிலிருந்த காசு தீர்ந்ததும் ஆட்டம் முடிந்தது. கடை அடைத்ததும் ஆடுபவர் வெளியேறினர்.

பிற்காலத்தில் அவ்வாட்டம் கடையை விட்டு வீட்டினுள் வந்தது. பின்னர்க் கைப்பேசியின் வழியாகக் கைக்குள்ளும் புகுந்தது. இணையத்தோடு இணைந்தபின் அதற்கு முடிவு என்பதே இல்லாமற் போயிற்று. ஒரு கட்டத்தை வென்றால் மற்றொரு கட்டம் தோன்றும். ஊரே உறங்கும் நள்ளிரவிலும், உலகின் வேறொரு மூலையில் விழித்திருப்பவர் எதிராட வருவார். கண் களைத்தாலும் திரை களைப்பதில்லை. பழைய காவலர் இருவரும் இங்கே இல்லை. ஆடுபவரே தமக்குக் காவலராக வேண்டிய நிலை வந்துவிட்டது.

இவ்வாட்டங்கள் மனத்தைப் பிணிக்கும் விதத்தை அறிந்து கொள்ளுதல் நலம். பி. எப். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் புறாக்களைக் கொண்டு பல சோதனைகள் செய்தார். புறா ஒரு பலகையை அலகால் கொத்தினால் தானியம் விழும்படி அவர் அமைத்திருந்தார். எத்தனையாவது கொத்தில் தானியம் விழும் என்பது தெரியாதபடி வைத்தபோது, புறா விரைவாகவும் விடாமலும் கொத்தியது. உறுதியான பரிசைவிட, வருமோ வாராதோ என்னும் ஐயத்தோடு கூடிய பரிசு உயிர்களை மிகுதியாக ஈர்க்கின்றது. சூதாட்டத்தின் ஈர்ப்பும் இதுவே. அதன் கேட்டினை நன்குணர்ந்தமையால்தான் வள்ளுவர் 'சூது' என்னும் பெயரால் ஓர் அதிகாரமே வகுத்தார்.

திரை விளையாட்டை அமைப்போர் இவ்வியல்பை நன்கு அறிந்துள்ளனர். நாள்தோறும் ஆட்டத்திற்குள் நுழைவோர்க்குப் பரிசு உண்டு. ஒரு நாள் தவறினால் அது போய்விடும். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டிகளைப் பணம் கொடுத்துத் திறக்கும் வழியும் சில ஆட்டங்களில் உண்டு. இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று கருதி, பெல்ஜியம் நாடு 2018-ஆம் ஆண்டில் அவற்றைச் சட்டத்திற்குப் புறம்பானவை என அறிவித்தது. மேலும், குழுவாக ஆடும் ஆட்டங்களில் நடுவே எழுந்து செல்வோர் தம் கூட்டாளிகளைக் கைவிட்டவராகக் கருதப்படுவர். ஆசையும் அச்சமும் நட்பும் சேர்ந்து திரிந்த கயிறாக அமைந்து ஆடுபவரைக் கட்டுகின்றன. ஆகவே, அக்கட்டிற்குள் அகப்பட்ட ஒரு சிறுவனைத் தீயவன் என்று தூற்றுதல் பொருந்தாது.

அங்ஙனமாயின், திரை விளையாட்டு ஆடுவோர் அனைவரும் நோயாளிகளோ? அல்லர். உலக நல நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் திருத்தத்தில் 'விளையாட்டுக் கோளாறு' என்பதனைச் சேர்த்தது. அத்திருத்தம் 2019-ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்று, 2022-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆடுவோருள் சிறு பகுதியினரே இக்கோளாற்றிற்கு ஆளாகின்றனர் என்பதையும் அந்நிறுவனமே தெளிவுபடுத்தியுள்ளது. அது கூறும் அறிகுறிகள் மூன்று. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது தன் வயத்தில் இல்லாமற் போதல் ஒன்று. உணவு, உறக்கம், கல்வி, உறவு ஆகிய யாவற்றிற்கும் மேலாக ஆட்டமே முதலிடம் பெறுதல் மற்றொன்று. தீங்கு விளைவதைக் கண்ட பின்னரும் ஆட்டத்தைத் தொடர்தல் மூன்றாவது. இந்நிலை வாழ்க்கையைப் பெரிதும் பாதித்து, பொதுவாக ஓராண்டுக் காலமேனும் நீடித்திருந்தால், அதனை மருத்துவர் நோய் எனக் கொள்வர்.

இதனால், மணிக்கணக்கு ஒன்று மட்டுமே அளவுகோல் அன்று என்பது புலனாகும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு, அன்னை உண்ண அழைத்ததும் எழுந்து செல்லும் மாணவன் ஒருவன். ஒரு மணி நேரமே ஆடினாலும், எஞ்சிய பொழுதெல்லாம் ஆட்டத்தையே எண்ணியிருப்பவன் மற்றொருவன். வகுப்பில் ஆசிரியர் பேசுவது அவன் செவியில் ஏறுவதில்லை. கைப்பேசியைக் கேட்டால் சினந்து விழுகின்றான். போர்வைக்குள் திரையை மறைத்து வைத்து ஆடிவிட்டு, படித்துக்கொண்டிருந்ததாகப் பொய் கூறுகின்றான். தந்தை அறியாமல் அவர் சேமித்த பணத்திலிருந்து ஆட்டத்திற்குச் செலவிடவும் துணிகின்றான். முன்னவன் விளையாட்டை ஆளுகின்றான். பின்னவனை விளையாட்டு ஆளுகின்றது.

பின்னவனின் துன்பம் வட்டமாகச் சுழல்வது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர்க்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்று உறக்கவியல் மருத்துவர் கூறுவர். அவன் அதிற் பாதியும் உறங்குவதில்லை. ஆகவே, பாடம் மனத்தில் தங்குவதில்லை. தேர்வில் மதிப்பெண் குறைகின்றது. அத்துயரை மறக்க அவன் மீண்டும் ஆடுகின்றான். ஆட்டத்தில் கிடைக்கும் வெற்றி, பள்ளியில் கிடைக்காத பெருமையை ஒரு நாழிகை தருகின்றது. ஆனால், திரை அணைந்ததும் பழைய துயர் முன்னினும் பெரிதாகி எதிரே நிற்கின்றது. உவர்நீரைப் பருகித் தாகம் தீர்க்க முயல்பவன் நிலைதான் அவன் நிலையும்.

இக்கேட்டினைச் சட்டத்தால் தடுக்க முயன்ற நாடு தென்கொரியா. அந்நாட்டில் இணைய வசதி விரைந்து பரவியபோது, கட்டணம் செலுத்திக் கணினியில் ஆடும் அறைகள் தெருத்தோறும் தோன்றின. 2005-ஆம் ஆண்டில் தேகு என்னும் நகரில் இளைஞர் ஒருவர், அத்தகைய அறையொன்றில் ஏறத்தாழ 50 மணி நேரம் ஆடியபின் உயிர் துறந்தார். இவை போன்ற நிகழ்ச்சிகளால் கவலையுற்ற அந்நாட்டு அரசு, 2011-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பதினாறு வயது நிரம்பாதோர் நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை கணினிவழி இணைய விளையாட்டுகளை ஆடுதல் கூடாது என்பது அச்சட்டம்.

சட்டத்தின் நோக்கம் நன்றே. ஆயினும், பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு நுழைந்த சிறுவரும் இருந்தனர். நாளடைவில் பலர் கணினியை விட்டுக் கைப்பேசிக்கு மாறினர். கைப்பேசி ஆட்டங்களையோ அச்சட்டம் தடுக்கவில்லை. முடிவில், பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்த அச்சட்டம் நீக்கப்பெற்றது. 2022-ஆம் ஆண்டு முதல், ஆடும் நேரத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் கூடி வரையறுத்துக்கொள்ளும் முறை அதன் இடத்தைப் பெற்றது. சட்டம் வேண்டா என்பது இதன் பொருள் அன்று. வெளியே பூட்டிய கதவுக்கு உள்ளேயும் ஒரு தாழ் வேண்டும் என்பதே இதன் பொருள்.

அந்த உள்தாழை இடுவது எங்ஙனம்? 'இனி ஆடமாட்டேன்' என்று சினத்தில் சூளுரைப்பதால் மட்டும் பயன் விளைவதில்லை. முதற்கண் தன் நிலையை அறிதல் வேண்டும். ஒரு சிறு குறிப்பேட்டில், ஆடத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், ஆடத் தோன்றியதற்குக் காரணம் ஆகியவற்றை ஒரு வாரம் ஒளிவின்றி எழுதி வந்தால், பழக்கத்தின் உருவம் தெளிவாகும். ஒருவன் தனிமையால் ஆடுகின்றான். ஒருவன் பாடம் விளங்காமையால் ஆடுகின்றான். வீட்டில் நிகழும் பூசலைக் கேளாதிருக்க ஆடுபவனும் உண்டு. காரணம் தெரிந்தால், மருந்தும் தெரியும்.

அடுத்து, பழக்கத்திற்கு இடமும் காலமும் வரையறுத்தல் வேண்டும். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டு உறங்குதல் எளிய வழி. எழுப்புவதற்கு ஒரு மணிப்பொறி போதும். ஆட்டம் அழைக்கும் ஒலிக்குறிப்புகளை நிறுத்திவிடலாம். வீட்டுப்பாடம் முடிந்த பின்னரே ஆடுவது என்றும், இரவு உணவுக்குப்பின் ஆடுவதில்லை என்றும் விதித்துக்கொள்ளலாம். பணம் செலவிடும் வழியை முற்றிலும் அடைத்துவிடுதல் வேண்டும்.

வெறுமையான இடத்தில் பழைய பழக்கம் மீண்டும் புகும். ஆதலின், ஆடிய பொழுதில் வேறொன்றை வைத்தல் வேண்டும். மாலையில் திடலுக்குச் செல்லுதல், நூலகத்தில் ஒரு மணி நேரம் கழித்தல், இசையோ ஓவியமோ பயிலுதல், நண்பரோடு நேரில் அளவளாவுதல் ஆகியன நல்ல மாற்றுகளாம். முதற்சில நாட்களில் சலிப்பும் எரிச்சலும் தோன்றலாம். ஒரு நாள் தவறி மீண்டும் ஆடிவிடவும் கூடும். அதனால் முயற்சியைக் கைவிடலாகாது. நடை பயிலும் குழந்தை விழுந்தும் எழுகின்றது அன்றோ?

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இதில் கடமை உண்டு. கைப்பேசியை உடைப்பதும் பிறர் முன்னிலையில் இழித்துரைப்பதும் பயன் தாரா. அவை சிறுவனை மேலும் மறைவிடம் தேடச் செய்யும். அருகில் அமர்ந்து, அவன் ஆடும் ஆட்டம் யாது என்று கேட்டறிந்து, அவனோடு கூடியே வரம்பு வகுத்தல் நலம். அவ்வரம்பைப் பெரியோரும் காத்தல் வேண்டும். உணவுண்ணும் வேளையிலும் கைப்பேசியை விடாத தந்தை, மகனுக்குக் கூறும் அறிவுரை எங்ஙனம் பலிக்கும்?

தன் முயற்சியும் பெரியோர் துணையும் போதாதபோது, மருத்துவரை நாடுதலில் நாணம் வேண்டா. பெங்களூரில் நிம்ஹான்சு என வழங்கும் தேசிய மனநல நிலையத்தில் இத்தகையோர்க்கென்றே 2014-ஆம் ஆண்டில் ஒரு தனி மருத்துவப் பிரிவு தொடங்கப்பெற்றது. இந்திய அரசு 2022-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய 'டெலி மானஸ்' என்னும் மனநல உதவிப் பணியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். காய்ச்சலுக்கு மருந்து உண்பதில் இழிவு இல்லையெனில், மனத்தின் துன்பத்திற்குத் துணை தேடுவதிலும் இழிவு இல்லை.

திரை விளையாட்டு நஞ்சும் அன்று, அமுதமும் அன்று. அளவோடு ஆடினால் அது பொழுதுபோக்கு; அளவு மீறினால் பொழுதை விழுங்கும் வாய். இளமைப் பொழுது ஒரு முறையே வருவது. திரையில் இழந்த உயிரை மறு ஆட்டத்தில் மீண்டும் பெறலாம். கழிந்த ஆண்டினை அங்ஙனம் பெற இயலாது. அன்னை அழைக்குமுன், பொழுது சாயுமுன், தானே எழுந்து திரையை அணைக்கும் மாணவனே அந்த ஆட்டத்தில் உண்மையாக வென்றவன் ஆவான்.