இதயத்தில் எஸ் முறுக்கு, இசட் முறுக்கு



இயந்திரவியல் படிக்கிறவனுக்கு இதயத்தில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். என் அப்பாவின் எக்கோ படம்தான் காரணம். கோவைப் பக்கம் ஒரு நூல் மில்லில் 22 வருடம் கார்டிங்கில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர். முதலில் வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் நாளில் மட்டும் நெஞ்சு இறுகும். பிறகு எல்லா நாளும் இறுகியது. பிசினோசிஸ் என்று இதற்குப் பெயர்.

எக்கோவில், வட்டமாக இருக்க வேண்டிய இடது கீழறை 'டி' எழுத்துபோல ஒரு பக்கம் தட்டையாகத் தெரிந்தது. "ஏனுங்க டாக்டர், வலது பக்கந்தான் கெட்டுப்போச்சுன்னீங்க. இடது பக்கம் ஏனுங்க நசுங்கியிருக்குது?" என்றார் அப்பா. நல்ல கேள்வி! டாக்டர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இதயம் பலூன்போலச் சுருங்குவதில்லை, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்கிறது. 1669-லேயே ரிச்சர்ட் லோவர் என்ற ஆங்கில மருத்துவர் இதே உவமையைச் சொல்லிவிட்டார். இடது கீழறைச் சுவரின் உள் அடுக்குத் தசை இழைகள் வலச்சுருளாக, அதாவது நம் ஊர் பாஷையில் இசட் முறுக்காக ஓடுகின்றன. வெளி அடுக்கு எஸ் முறுக்கு. டபுளிங் நூலேதான்! ஒரு வித்தியாசம்: டபுளிங்கில் இரண்டு முறுக்கும் சமனாகி நூல் அமைதியாகிவிடும், இதயத்தில் வெளி அடுக்கு ஜெயிக்கிறது. காரணம் நமக்குத் தெரிந்த கணக்குதான். விசை பெருக்கல் ஆரம். வெளி அடுக்குக்கு ஆரம் அதிகம். எனவே நுனியிலிருந்து பார்த்தால் நுனி இடஞ்சுழியாகவும் மேற்பகுதி வலஞ்சுழியாகவும் திரும்பும். ஒவ்வோர் இழையும் 15 சதவீதம் அளவே குறுகினாலும் அறையில் உள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அடுத்த நொடிப்பகுதியில் முறுக்கு அவிழ்ந்து ரத்தத்தை உள்ளே உறிஞ்சும்.

வலது கீழறைச் சுவர் மெல்லியது. இடதில் அழுத்தம் 120 மி.மீ. பாதரசம் என்றால் வலதில் 25 போதும். அதிலும் 20 முதல் 40 சதவீதம் வரை இடது கீழறை சுருங்குவதால் கிடைப்பது என்று பரிசோதனைகள் காட்டியுள்ளன. இரண்டுக்கும் இடைச்சுவர் ஒன்று, வெளி இழைகள் தொடர்ச்சி, மூடியிருக்கும் பையும் ஒன்றே. பங்காளி வீடு மாதிரி. நடுச்சுவரை ஒருவர் தள்ளினால் மற்றவருக்கு இடம் போச்சு.

அப்பாவுக்கு நடந்தது அதுதான். ஆக்சிஜன் குறைந்ததால் நுரையீரலின் சிறு தமனிகள் இறுகின. வலது கீழறை அதிக அழுத்தத்தில் தள்ள வேண்டியதாயிற்று, சுவர் தடித்தது. அது சுருங்கி முடிக்க நேரமும் கூடுதலாகிறது. இடது கீழறை முறுக்கு அவிழ்க்கத் தொடங்கும் அதே சமயத்தில் வலது இன்னும் தள்ளிக்கொண்டிருப்பதால் இடைச்சுவர் இடப்பக்கம் சாய்கிறது. வட்டம் போனால் ஆரமும் போயிற்று; முறுக்கும் குறைகிறது. இடது அறைத் தசையில் நேரடியாக ஒரு நோயும் இல்லாமலே!

அப்பாவுக்கு இப்போது வீட்டில் தினமும் 15 மணி நேரம் ஆக்சிஜன். நுரையீரல் தமனி அழுத்தம் மேலும் ஏறாமல் இருக்க. "கரண்டு போச்சுன்னா என்ன கண்ணு பண்றது?" என்று கேட்கிறார். இன்வெர்ட்டருக்கு லோடு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.